பொட்டி செத்துப்போச்சுன்னு சொன்னது யாரு?

"டெஸ்க்டாப்பா? அதைப் போயி இப்ப யாருலே வாங்குவா?"

பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு கல்லூரி கேன்டீனில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இந்த வசனம் காதில் விழுந்துவிடும். ரீல்ஸ் எடிட்டிங் போனில், அசைன்மென்ட் லேப்டாப்பில், மிச்சமெல்லாம் கிளவுடில். இதில் மேசைக்கு அடியில் ஒரு டப்பா, அதற்கு ஒரு யு.பி.எஸ்., பின்னால் பாம்புக் கூட்டம் மாதிரி ஒயர்... எதற்கு? 'தொழில்முறை ஒர்க்ஸ்டேஷன்' எல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அப்பாக்கள் காலத்துச் சமாச்சாரமாம். (டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டே இன்னும் சாகவில்லை என்பது வேறு விஷயம். அரசு வேலைக் கனவு இருக்கும் வரை அதற்குச் சாவு கிடையாது :-))

இப்படிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கணினியில் பார்க்கிறவர்கள், படிக்கிறவர்கள். கணினியில் பிழைக்கிறவர்கள் இல்லை. கோளாறே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பி.காம். ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கே போகலாம். டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடை. உள்ளறையில் ஒரு அக்கா டேலியில் பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கண் பில்லில், இடது கை எஃப்-வரிசைச் சாவிகளில், வலது கை எண் பலகையில். எஃப்5 அடித்தால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். திரையைப் பார்க்கவே தேவையில்லை, விரல் தானாகப் போகும். இதே அக்காவிடம் பதினான்கு அங்குல லேப்டாப்பைக் கொடுத்துப் பாருங்கள். தனி எண் பலகை இருக்காது. எஃப்5 அடித்தால் பேமென்ட் வருவதற்குப் பதில் திரை வெளிச்சம் ஏறும், இல்லையென்றால் சத்தம் குறையும். எஃப்என் சாவியைச் சேர்த்து அமுக்க வேண்டும், அல்லது செட்டிங்கை மாற்ற வேண்டும். சரி, மாற்றிவிடலாம். தனியாக ஒரு கீபோர்டும் வாங்கிச் செருகலாம். கண் வலிக்காமல் இருக்கப் பெரிய மானிட்டர் ஒன்று, மவுஸ் ஒன்று. எல்லாவற்றையும் மாட்டி மேசையில் நிரந்தரமாக வைத்தபின் அதற்குப் பெயர் என்ன? டெஸ்க்டாப்தானே! கூடுதல் காசு கொடுத்து வாங்கிய, ரிப்பேர் பார்க்க முடியாத டெஸ்க்டாப்.

இந்த இடத்தில் ஒரு கறாரான ஆசாமி எழுந்து, "டேலி ஓடுகிற பொட்டியெல்லாம் ஒர்க்ஸ்டேஷனா? ஜியான் பிராசஸர், இ.சி.சி. மெமரி, சான்றளிக்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டு, இதெல்லாம் இருந்தால்தானே அது ஒர்க்ஸ்டேஷன்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். 1982-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் முதல் ஒர்க்ஸ்டேஷனைக் கொண்டுவந்தபோது அது எல்லோருக்குமான பொருள் இல்லை. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்து டைனோசர்களை உருவாக்கிய சிலிக்கான் கிராபிக்ஸ் எந்திரங்களும் அப்படித்தான். இரண்டு கம்பெனியும் இன்று இல்லை. சன் 2010-ல் ஆரக்கிளுக்குள் போய்விட்டது. சிலிக்கான் கிராபிக்ஸ் 2006-ல் ஒருமுறை, 2009-ல் இன்னொருமுறை மஞ்சக் கடுதாசி கொடுத்தது. 'ஒர்க்ஸ்டேஷன் செத்தது' என்பவர்கள் காட்டும் சாவுச் சான்றிதழ் இதுதான்.

ஆனால் அன்று செத்தது விலைச்சீட்டுதான். அந்த எந்திரங்கள் செய்த வேலையைச் சாதாரண இன்டெல் பொட்டி எடுத்துக்கொண்டது. அன்று ஹாலிவுட் ஸ்டூடியோவுக்கு மட்டும் கட்டுப்படியான வேலையை இன்று வண்ணார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையன், பார்ட் பார்ட்டாகப் பார்த்து அசெம்பிள் செய்த கேபினெட்டில் செய்கிறான். சமயலறைக்குள் அம்மியின் வேலையை மிக்சி எடுத்துக்கொண்டால் சமையல் செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

கறாரான ஒர்க்ஸ்டேஷனுக்கும் வேலை தீர்ந்துவிடவில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிப்பவர்களிடம் போய் "டேப்லெட் போதாதா சார்?" என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அவ்வளவு தூரம் போவானேன்? சி.டி. ஸ்கேன் படத்தில் ஒரு துண்டு 512-க்கு 512 புள்ளிகள், கிட்டத்தட்ட அரை எம்.பி. ஒரு நோயாளிக்கு அப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள். ஹைகிரவுண்ட் பக்கம் எந்தக் கதிரியக்க மருத்துவரும் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு இழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதை போன் திரையில் வாட்ஸப்பில் பார்த்துச் சொல்லட்டுமே என்பவர், தன் சொந்த மாமாவின் ஸ்கேனுக்கும் அதைச் சொல்வாரா?

இ.சி.சி. மெமரி என்பதும் சும்மா விளம்பர உட்டாலக்கடி இல்லை. ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு அது. 2009-ல் கூகிள் தன் சர்வர்களில் நடத்திய ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் அட்டைகளில் பிழை வந்தது தெரிந்தது. சாதாரணப் பொட்டியில் அது வந்தாலும் யாருக்கும் தெரியாது. பாட்டில் ஒரு நொடி கரகரத்தால் பரவாயில்லை. லெட்ஜரில் ஒரு இலக்கம் புரண்டால்? ஆனாலும் டேலிக்கு ஜியான் வாங்கு என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். 'ஒர்க்ஸ்டேஷன்' என்று சொல்லி, கலர் கலராக விளக்கெரியும் கேம் பொட்டியைத் தலையில் கட்டுகிறவர்களும் இந்த ஊரில் உண்டு. வேலை எது என்று பார்க்காமல் பொட்டி வாங்கினால் அது ஒர்க்ஸ்டேஷன் ஆகாது, சீரியல் செட் ஆகும்.

அடுத்தது காசு. வணிகவியல் மாணவர்கள் தேய்மானத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதோடு சரி, கண்ணெதிரே இருக்கும் பொட்டிக்கு அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. கம்பெனிச் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் ஒரே ஆயுள் எழுதியிருக்கிறது: 3 வருடம். வருமான வரி விதிகளில் கணினிக்குத் தேய்மானம் 60 சதவீதமாக இருந்து 2017-18 முதல் 40 ஆனது. 60,000 ரூபாய்க்கு வாங்கிய பொட்டி, ஐந்தாம் வருட முடிவில் ஏட்டில் சுமார் 4,666 ரூபாய். ஏட்டில் செத்துவிட்டது. ஆனால் மேசையில்? எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மாற்றுவார்கள். ரேம் போதவில்லை என்றால் இன்னொரு அட்டை செருகுவார்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் பொட்டி மறுபடி மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்காரும். பல லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது போனால் மதர்போர்டு போனது, மதர்போர்டு போனால் லேப்டாப்பே போனது. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. அந்த நேரத்தில் பழைய பொட்டியிலிருந்து ரேமைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடிந்தவன் தப்பித்தான்.

சட்டம் இரண்டுக்கும் ஒரே ஆயுள் கொடுத்தாலும் பட்டறை கொடுப்பதில்லை. இந்த வித்தியாசம்தான் சின்னக் கடைக்காரரின் லாபம்.

அந்த லாபத்தில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு தந்தது, அம்புட்டுதான். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2016-ல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5 பொட்டி நேற்று வரை கல்யாணப் பத்திரிகை அடித்தது, இன்றும் அடிக்கிறது. ஆனால் அதற்கு 'தகுதியில்லை'.

கல்யாணப் பத்திரிகை என்றதும் பாளையங்கோட்டை டி.டி.பி. கடைகள் ஞாபகம் வந்தாக வேண்டும். "அண்ணாச்சி, பெரிய மாமா பேரு மேல வரணும், சித்தப்பா பேரு அடுத்து... இல்லண்ணே, அத்தை கோவிச்சுக்கிடுவா, மாத்திருங்க" என்று ஒரு குடும்பமே நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அண்ணாச்சி பேஜ்மேக்கரில் வரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்குப் பிறகு அடோபி அதில் புதுப் பதிப்பு போடவே இல்லை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பத்திரிகை, நோட்டீஸ், கொடை விழா அழைப்பிதழ் எல்லாம் அந்தப் பொட்டிக்குள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. போன வருஷக் கொடை நோட்டீஸைத் திறந்து தேதியை மாற்றினால் இந்த வருஷ நோட்டீஸ் தயார். இந்தக் கடைக்காரரிடம் "கிளவுடுக்கு மாறுங்க அண்ணாச்சி" என்றால், சந்தாவும் கட்டி இருபது வருட வேலையையும் திரும்ப அடிக்க வேண்டும் என்று அர்த்தம். அவர் பொட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிற்போக்கு என்பவர்கள் ஒரு முகூர்த்த மாதம் அந்தக் கடையில் போய் உட்காரலாம்.

எதிர்க்கட்சியின் பலமான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷனே தண்ணீருக்குள். தரையில் வைத்த பொட்டிகளுக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் வைத்திருந்தவர் இடுக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார். இதை மறுத்து ஜல்லியடிக்க முடியாது. ஆற்றங்கரை ஊரில் பொட்டியைத் தரையில் வைப்பது முட்டாள்தனம்தான். பேக்கப் எடுக்காதது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

ஆனால் அதே நாட்களில் கிளவுட் எங்கே இருந்தது? பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவே வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தார்கள். கடைக் கணக்கைக் கிளவுடில் மட்டும் வைத்திருந்தவருக்கு அது எங்கோ பத்திரமாக இருந்திருக்கும், அவர் கைக்குத்தான் வந்திருக்காது. கேபினெட்டில் நாலு திருகைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க் கைக்கு வரும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறலாம். தண்ணீர் வடிந்தபின் வேறொரு பொட்டியில் மாட்டிக் கணக்கைத் தொடரலாம்.

அரசு கொடுக்கும் லேப்டாப்பை இந்தக் கட்டுரை குறை சொல்லவில்லை. 2011-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கியது, 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தது, எல்லாம் நல்ல காரியம். வீட்டில் முதல் கணினி அதுதான் என்கிற பிள்ளைகள் தாமிரபரணிக் கரை நெடுக இருக்கிறார்கள். ஆனால் கையில் லேப்டாப் இருக்கிறதே என்று கல்லூரி தன் லேபைச் சுருக்கத் தொடங்கினால் அடி விழுவதும் அதே பிள்ளைகளுக்குத்தான். மூன்று வருடம் டச்பேடில் எக்செல் பழகிய பையன், முதல் நாள் வேலைக்கு ஆடிட்டர் ஆபீஸ் போகிறான். அங்கே இருப்பது பெரிய மானிட்டர், முழு கீபோர்டு, லேனில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஏறும் டேலி. "எஃப்7 போடு தம்பி" என்கிறார் சீனியர். தம்பி மவுஸைத் தேடுகிறான்.