திப்புவின் பெயரும் வாளின் யோக்கியதையும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில், எந்த வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய வாள் இறங்கினாலும், தூசி தட்டி முடிப்பதற்குள் அது திப்பு சுல்தானுடைய வாளாகிவிடுகிறது. இதற்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியாருக்கு விட்டுக்கொடுக்கப்படும் வரையில் இப்பிரதேசம் மைசூர் ஆட்சியில் இருந்தது. சங்ககிரிக் கோட்டையில் மைசூர்ப் படை இருந்தது. ஆயினும், திப்பு ஆண்ட சீமையில் கிடைத்தது என்பது வேறு, திப்பு ஏந்தியது என்பது வேறு.

பெயருக்கு எவ்வளவு விலை என்பதை 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் பார்த்தோம். திப்புவின் வாள் ஒன்று ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், முற்றுகையில் முன்னின்ற டேவிட் பேர்டுக்கு அது பரிசாக அளிக்கப்பட்டது என்ற வரலாறு அதனோடு கூடவே வந்தது. அவ்விதச் சங்கிலித் தொடர் இல்லாத வாளை எடைபோட இரும்பு ஒன்றே சாட்சி.

அந்த இரும்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. கஞ்சமலையின் காந்தக் கல்லை உருக்கி எடுத்த இரும்பை, ஆவாரங்கட்டைச் சிராயோடு களிமண் மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைத்து உருக்கு செய்த கைவினை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீத் என்ற வெள்ளையர் நேரில் கண்டு எழுதி வைக்கும் அளவுக்கு இத்தென்னாட்டில் ஜீவனுடன் இருந்தது. மூசை உருக்கை முறைப்படி அடித்து உருவாக்கிய அலகில் தோன்றும் நீரலை போன்ற ரேகைகள் உலோகத்தின் உள்ளேயே ஓடுபவை. மெருகிட்டால் மறையும், திராவகம் பட்டால் மீண்டும் தோன்றும். போலியில் மேற்பரப்பில் அரித்துப் பொறித்த கோலமோ ஒரு முறை தேய்த்து அழித்தால் திரும்பி வராது. பிடியிலுள்ள பொன் வேலைக்கும் இதே நியாயம் செல்லும். குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய இரும்பின்மேல் பொற்கம்பியை அடித்துப் பதித்ததாயின், கை பட்டுத் தேய்ந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கீறல்கள் தெரியும். 1840-ஐ ஒட்டி வழக்கத்துக்கு வந்த மின்முலாமாயின், தேய்ந்த இடத்தில் வெறும் இரும்புதான் வழுவழுப்பாகத் தெரியும்.

இத்தனை பரீட்சையும் கற்றவர்கள்கூடச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அலகு ஒரு காலத்தது, பிடி வேறு காலத்தது என்று கண்ட மாத்திரத்தில் அதைப் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கட்டாரிகளைப் போன்றவற்றில், ஐரோப்பிய வாளின் அலகை வெட்டிப் பொருத்தியவை பல உண்டு; அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை. போருக்கும் பூஜைக்கும் பயன்பட்ட ஆயுதம் பிடி மாறும், உறை மாறும், முனை ஒடிந்து சாணை பிடிக்கப்பெறும். உபயோகத்துக்காகச் செய்த மாற்றம் பழுதுபார்த்தல். வாங்குபவன் கண்ணை ஏமாற்றச் செய்த மாற்றமே மோசடி. ஆகையால், அலகும் பிடியும் உறையும் ஒரே மாதிரிக் கறுத்து, ஒரே மாதிரித் துருவேறி, குறையொன்றுமின்றி நிற்கும் வாளிடத்தில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்; கைப்பிடி தேய்வது போல உறை தேய்வதில்லை.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உள்ளூர் ஏலத்தில் வாங்க விரும்புவோர் முதலில் அந்த உரிமத்தைக் கேட்கட்டும். பிறகு, இந்த வாளில் எது மாற்றப்பட்டது என்று கேட்கட்டும். பிடி பிந்தியது, உறை புதியது என்று தயங்காமல் சொல்பவரிடம் பேரம் பேசலாம். எதுவுமே மாறவில்லை, சாக்ஷாத் திப்புவின் கைவாளேதான் என்று சத்தியம் செய்பவரிடம் பேச ஒன்றுமில்லை.