பதினாறு லட்சம் சதுர அடி சின்னக் கட்டடமா?

“சின்னக் கட்டடத்துக்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி எதற்கு? உள்ளாட்சியே பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார்கள். சின்னக் கட்டடத்துக்கு அந்த அனுமதி இப்போதும் தேவையில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடம் அதன் வரம்பிலேயே வராது. கடலோரத்தில்கூட 300 சதுர மீட்டர் வரை சொந்த வீட்டுக்கு உள்ளாட்சி ஒப்புதல் போதும் என்கிறது 2019 கடற்கரை மண்டல அறிவிக்கை. எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டைக் காட்டி யாருக்குச் சலுகை கேட்கிறீர்கள்?

2016இல் 1,50,000 சதுர மீட்டர் வரையிலான கட்டடங்களை ஒன்றிய அரசு உள்ளாட்சிகளிடம் விட்டது. மறு ஆண்டே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டது. 2025 ஜனவரியில் தொழிற்கூடம், பள்ளி, கல்லூரிகளுக்கு அதே அளவுவரை மீண்டும் விலக்கு. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த அளவு பதினாறு லட்சம் சதுர அடி!

எண்ணூரில் இது ஏட்டுக் கணக்கல்ல. கொசஸ்தலை ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் லோடு லோடாக மண்ணடித்து ஒரு கிடங்கு எழும்பினால், அங்கே தேங்கிய மழைநீர் பக்கத்துத் தெருவுக்குள் இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. சுவரெல்லாம் கறுப்புக் கறை. உள்ளாட்சிப் பொறியாளர் பக்க இடைவெளியையும் மாடிகளையும் சரிபார்ப்பார். ஆற்று முகத்துவாரம்வரை தண்ணீர் போகும் வழியை யார் பார்ப்பது?

அனுமதி தருவதில் தாமதம் உண்மையான குறைதான். அதற்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஆள் போடுங்கள், கெடு வையுங்கள். ஆய்வில் கைவைக்காதீர்கள்.