பூட்டன் பெயரைத் தேட ஒரு மேசை

கண்டி மஹியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். ஸ்கொட்லாந்தில் எந்தக் கிராமத்தில், எந்த வருடம் பிறந்தார் என்பதெல்லாம் பதிவில் உண்டு. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர்கள்தான் உடலைக் கண்டிவரை தோளில் சுமந்து வந்தார்கள். 12 பேர் கொண்ட இரண்டு அணிகள் மாறி மாறிச் சுமந்ததாகச் சொல்கிறார்கள். அந்த 24 பேரில் ஒருவருடைய பெயரும் நம் கையில் இல்லை. அவர்களில் ஒருவர் என் பூட்டனாகவும் இருந்திருக்கலாம். எங்கள் ஆட்கள் முதலில் ஹேவாஹெட்டப் பக்கம்தான் இருந்ததாக அப்பாயி சொல்வார்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது கனடாவில் இருக்கிறாள். அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் 2011இல் தொடங்கிய ரூட்ஸ்டெக் என்ற வம்சாவளி மாநாட்டுக்குப் போய்வந்து, தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். அங்கே காட்சி மண்டபத்தில் வரிசையாக மேசைகளாம். எச்சில் எடுத்து மரபணு பார்த்துச் சொல்கிறவர்கள், பழைய படங்களை நின்ற இடத்திலேயே ஸ்கேன் பண்ணித் தருகிறவர்கள், ஐரோப்பிய ஊர்களின் தேவாலயப் பதிவேடுகளைத் தேடித் தருகிறவர்கள். இவளும் எச்சில் கொடுத்துப் பார்த்தாள். தென்னிந்தியா என்று பதில் வந்தது. “அது எனக்குத் தெரியாதா டீச்சர்? எந்த ஊர்னு கேக்க ஒரு மேசை இல்லையே” என்றாள்.

அந்த மேசையைச் சோல்ட் லேக்கில் எதிர்பார்க்க முடியாது. கண்டியில்தான் போட வேண்டும். வருடத்தில் சில நாட்களாவது ஒரு மண்டபத்தைத் திறந்து, மலையகக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேட வழிசெய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கடல் கடந்துபோன மற்றத் தமிழருக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லை. நேட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறினார்கள். 1860 முதல் 1911 வரை அங்கே இறங்கிய 152,000க்கும் அதிகமானோரின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. டர்பனில் வாழும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டில் தன் கிராமத்துக்கே போய் நிற்கலாம். மொரீஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகளோடு பழைய கூலிகளின் புகைப்படங்களும் இருக்கின்றன.

கண்டிச் சீமைக்கு வந்தவர்களோ கங்காணியின் கடனில் வந்தார்கள். இராமேஸ்வரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்தார்கள். தோட்டத்துக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கு. கங்காணிக்குத் தேவைப்பட்டது கடன் கணக்கு. ஊர்ப்பெயர் எழுத யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. வாந்திபேதியில் பாதை ஓரத்தில் விழுந்தவர்களுக்குத் தலைக்கணக்கும் இல்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் ‘துண்டு’ வேண்டும். கடனைத் தீர்த்தால்தான் துண்டு. அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். கம்பளை சிங்ஹாபிட்டியில் ஜோர்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டத்துக்கு 1823இல் முதல் ஆட்கள் வந்தார்கள் என்ற கணக்கில்தான் 2023இல் 200 ஆண்டு நினைவுகூர்ந்தோம். அன்று மேடையில் அந்த முதல் ஆட்களின் பெயரை வாசிக்க ஒருவராலும் முடியவில்லை.

அப்படியென்றால் தேட எதுவுமே இல்லையா? இருக்கிறது. சிதறிக் கிடக்கிறது. தோட்டத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகள், செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு, தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் காகிதங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களானால், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்திலிருந்து ஞானஸ்நானப் பதிவுகள். எல்லாவற்றையும்விடப் பெரியது பிரஜாவுரிமை விண்ணப்பங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. எந்த வருடம் வந்தாய், எந்தத் தோட்டம், இடையில் இந்தியா போனாயா, போனால் யாரைப் பார்க்கப் போனாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பெரும்பாலானோரை நிராகரித்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, மறுபடியும் படிவங்கள். நம்மை விலக்குவதற்காகக் கேட்ட கேள்விகள்தாம். ஆனால் நம் தாத்தாமார் வாய்திறந்து சொன்ன பதில்கள் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. அவை நமக்குத் திறந்துவிடப்பட வேண்டும்.

என் தாத்தாவின் பதிவு ஒன்றைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இலக்கம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இலக்கத்தை அறிய அந்தப் பதிவைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் ஓய்வூதியம் எடுப்பதற்காகத் தகப்பன் பெயரைத் திருத்த வந்திருந்தார். ஒரு காகிதத்தில் இராமசாமி, இன்னொன்றில் ராமன், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து. துரைமார் காதில் விழுந்தபடி எழுதியதன் பலனை நாலாம் தலைமுறை வரிசையில் நின்று அனுபவிக்கிறது. இந்தப் பெயர்களைப் படித்து, இது அதுதான் என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

காகிதம் இல்லாத வீட்டுக்குக் குலதெய்வம் இருக்கிறது. இதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தெய்வத்தின் பெயர், அதற்கு என்ன படையல், எந்த ஆற்றங்கரை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்பேன். எங்கள் அப்பாயிக்குத் தாலுகா தெரியாது. கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் ஊர் என்றும், காவேரிக்கு அந்தப் பக்கம் சந்தைக்குப் போவார்கள் என்றும் தெரியும். அவருடைய தெய்வத்தின் பெயரையும் சேர்த்தால் நாமக்கல், முசிறிப் பக்கத்தில் சில கிராமங்களாகச் சுருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களை அறிந்த ஒருவருக்கும் ஒரு மேசை வேண்டும் என்பது இதனால்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பழைய பதிவுகளில் சாதி எழுதப்பட்டிருக்கும். அதை மறக்கவே சில குடும்பங்கள் ஊரையும் சேர்த்து மறந்தன. மஹியாவ குடியிருப்பில், துப்புரவு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முகவரி சொல்லவே இந்த நகரம் எவ்வளவு சங்கடம் கொடுத்திருக்கிறது என்பதைப் படிப்பித்த எனக்குத் தெரியும். ஆகவே பதிவைப் பார்க்கும் உரிமை அந்தந்த வழிவந்தவர்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும். கல்யாணத் தரகர்களுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. பட்டியலை அப்படியே யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன்.

ஏன் கண்டி என்றால், பெரும்பாலான மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வந்துசேரலாம். இந்தியாவின் உதவி உயர் ஸ்தானிகராலயம் இங்கே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்தில். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் ஒரு லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தது. ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு இந்த லயத்துக்கு வருகிறவர்கள், நம் கருவிகளையும் பாத்திரங்களையும் பார்க்கிறார்கள். அந்தப் பொருட்களைப் பாவித்தவர்களின் பெயர்களும் அவற்றோடு சேர வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன நம் உறவுகளிடம் காகிதங்களில் மீதிப் பாதி இருக்கிறது. என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியபோது வீட்டிலிருந்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனது. இங்கே தங்கியவர்களின் காகிதம் 1977லும் 1983லும் கலவரங்களில் வீட்டோடு எரிந்தது. சில மண்சரிவில் போயின. இரண்டு கரையிலும் மிச்சமிருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர்கள் பொருந்தும்.

பெரிய மண்டபம் கிடைக்கும்வரை பழைய பீகொக் லயத்து முற்றம் போதும். நாலு மேசை, ஒரு ஸ்கேனர், பெயர் படிக்கத் தெரிந்த இரண்டு பேர். வருகிறவர்கள் பிறப்புப் பத்திரத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் மூத்தவரையும் அழைத்து வரட்டும். குலதெய்வத்தின் பெயரை எழுதும் மேசைக்கு நான் வந்து உட்காருகிறேன்.