வித்தில்லா விளைவு

எவரும் எண்ணாத ஒருவரைக் கொலையாளியெனக் காட்டிவிடுதலே திரைப்படத் திருப்பத்தின் திறம் என்பார் பலர். அது வெறும் கண்கட்டு. திருப்பம் மாந்தர்தம் இயல்பினின்று விளைதல் வேண்டும்.

1954-இல் எசு. பாலச்சந்தர் இயக்கத்தில் பாடலே இன்றி வெளிவந்த ‘அந்த நாள்’ இதற்குச் சான்று. சப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943-இல் நிகழும் கதை அது. வானொலிப் பொறியாளன் இராசன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவரும் பிறரைச் சுட்டுகின்றனர். அவன் பகைவர்க்கு ஒற்றன் என்பதும், அவனைச் சாய்த்தது மனைவி உசாவின் கையே என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. திடுக்கிடுகிறோம், ஆயினும் ஏமாற்றப்பட்டோமில்லை. கல்லூரி நாள்தொட்டு அவள் கொண்ட நாட்டுப்பற்றின் விளைவன்றோ அது!

கண்கட்டு ஒருமுறை மருட்டும், மறுமுறை சலிக்கும். கதை புனையும் இளைஞர்காள்! முடிவைத் தேடி அலையற்க. முதலில் மாந்தரைப் படைமின்!