கதவோர இருக்கை

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையையே நான் எப்போதும் விரும்புவேன். சில காலத்துக்கு முன் அதை விட்டுக்கொடுத்து, கதவோரம் அமரத் தொடங்கினேன். கேட்டவர்களிடம் கால் நீட்ட வசதி என்றேன். அது பொய். புத்தளம் வருமுன் ஒரு தடவையும் வவுனியாவுக்கு முன் இன்னொரு தடவையும் சாரதியிடம் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐம்பதைக் கடந்த நம்மவர்கள் சீனி வருத்தத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவர். கொலஸ்ட்ரோல் அளவுகளை ஒப்பிட்டு மகிழ்வர். சலம் போவதில் சிரமம் என்று மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். சுகாதார இணைப்பிதழ்கள் பலவற்றைத் தொகுத்தவன் நான். புரொஸ்டேட் வீக்கம் பற்றி ஒரு கட்டுரைகூட நான் கேட்டு வாங்கியதில்லை. ஆண்மை விருத்தி லேகிய விளம்பரங்களுக்கோ இடம் தாராளமாகக் கிடைத்தது.

என்னோடு இரவுப் பணி பார்த்த நண்பர் ஒருவர் தடிமனுக்கு மருந்துக்கடையில் குளிசை வாங்கி விழுங்கினார். அன்றிரவு ஒரு சொட்டுச் சிறுநீரும் இறங்கவில்லை. விடியுமுன் ஆஸ்பத்திரியில் குழாய் செருகித்தான் வெளியேற்றினார்கள். மூக்கடைப்பை நீக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியை இறுக்கிவிடும். தடிமன் குளிசைகளில் சேர்க்கப்படும் வேறு சில, பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். சுரப்பி ஏற்கனவே பெருத்திருந்தால் வழி முற்றாக அடைபடலாம். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு அறிகுறிகள் இருந்தன என்பது அதன் பிறகே வீட்டாருக்குத் தெரிந்தது. நீடித்த அடைப்பினால் சிறுநீரகங்களும் பாதிக்கப்பட்டிருந்தன.

இளமையில் இச்சுரப்பி ஒரு சிறு தேசிக்காயளவு, ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர் வழி அதனூடாகவே செல்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது பெருக்கத் தொடங்கியிருக்கும். வயதும் ஹோர்மோனும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆனால், “வயது போனால் எல்லோருக்கும் வரும்” என்பது பாதி உண்மைதான். பருத்த வயிறு, அசையாத வாழ்க்கை, நீரிழிவு ஆகியன உள்ளவர்களிடம் இத்தொல்லை கூடுதலாகக் காணப்படுகிறது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் குறைவு. முப்பது ஆண்டுகள் கதிரையில் அமர்ந்து, நள்ளிரவில் கொத்துரொட்டியும் சீனி போட்ட தேநீருமாகப் பத்திரிகை செய்த எங்களைப் போன்றோர், வயதின் மீது மட்டும் பழிபோடுவது நியாயமாகாது.

புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமே பலரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுக்கிறது. இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோல் இருக்கக்கூடும் என்பதால் பரிசோதனை அவசியம். சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நான் போனபோது வைத்தியர் என் இடுப்பை அளந்தார், குருதியில் சீனியைப் பார்க்கச் சொன்னார். அதுவும் கூடத்தான் இருந்தது. தசையைத் தளர்த்தும் குளிசை சில நாட்களிலேயே பயன் தந்தது. நடந்தால் பெருத்த சுரப்பி சுருங்கிவிடும் என்று அவர் சொல்லவில்லை. நடக்காவிட்டால் நிலைமை மோசமாகும் என்றார். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் இப்போது தினமும் நடக்கிறேன். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பின் தேநீர் இல்லை என்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.