பாதுகாப்பு வளைவு

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தென்காசிப் பகுதியில் இன்சாரல் பொழியும்; குற்றாலத்து அருவிகள் ஆர்ப்பரித்து வீழும். அங்குள்ள பேரருவியில் நீராடுவோரைக் காத்தற்பொருட்டு வளைவு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. வெள்ளம் அவ்வளைவின்மேற் பாயுங்கால், காவலர் நீராடலைத் தடைசெய்வர். மலைமேற் பெய்த மழையைக் கீழே நிற்போர் அறியார். அறிந்தோர் எச்சரிப்பதனால் உயிர்கள் பிழைக்கின்றன.

மனத்துள்ளும் இத்தகைய வெள்ளம் பெருகுதல் உண்டு. தேர்வில் தோல்வி, கடன், நோய், குடும்பப் பூசல் முதலியன ஒருங்கே தாக்குங்கால், வாழ்வதிற் பயனில்லை என்னும் எண்ணம் சிலர்க்கு எழுகின்றது. அவ்வெண்ணம் பெரும்பாலும் பெருகி வற்றும் இயல்பினது. பெருகிய பொழுதில் பரிவுடன் கேட்கும் செவி ஒன்று கிடைப்பின், அது வற்றுமளவும் தாங்கிநிற்றல் கூடும்.

இதனை உணர்ந்தே 1953 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சாட் வரா என்னும் பாதிரியார் தொலைபேசி வழியே ஆறுதல் கூறும் தொண்டினைத் தொடங்கினார். சென்னையில் 1986 ஆம் ஆண்டில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இந்திய அரசு 2022 ஆம் ஆண்டில் 'டெலி மானஸ்' என்னும் பணியைத் தொடங்கியது. அதன் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 என்னும் எண்ணும் உதவும்.

எனினும், எண்ணை அறியாதார்க்கு அஃது இருந்தும் இல்லாததே. ஆதலின் அருவிக்கரை, பேருந்து நிலையம், கோயில் வீதி, நியாயவிலைக் கடை, பள்ளிச் சுவர் ஆகிய எங்கும் அவ்வெண்களைப் பெரிதாக எழுதுதல் வேண்டும். தேர்வு நுழைவுச்சீட்டிலும் அச்சிடுதல் நன்று. கைபேசி இல்லாதார் தனித்திருந்து பேசுதற்குப் பள்ளிகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் வசதி செய்தல் வேண்டும்.

இவ்வாறு வெளிப்படையாக எழுதினால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். பரிவுடன் வினவுவதனால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை என்பதே மருத்துவ அறிஞர் கண்ட உண்மை. மறைப்பதே துன்பத்தை வளர்க்கும். சட்டத்திற்கு அஞ்சி வாய்திறவாதாரும் உளர். 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, உயிர்விட முயன்றாரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கொண்டு, அவர்க்குப் பராமரிப்பு அளித்தலை அரசின் கடமையாக்கியுள்ளது.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. உடன் பயிலும் ஒருவன் சோர்ந்து, வாழ்வை வெறுத்துப் பேசுவானாயின், எள்ளாது கேட்டல் வேண்டும். அவனைத் தனியே விடுதல் ஆகாது. "யாரிடமும் கூறாதே" என அவன் வேண்டினும், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே அறிவித்தல் வேண்டும். அது நட்பிற்குச் செய்யும் இரண்டகம் அன்று. வெள்ளம் வருமுன் கூவி அழைக்கும் காவலன் செயலே ஆகும்.