பெயரின் பிறப்பும் பரவலும்: ஆங்கில ஆட்பெயர்களை முன்வைத்து

ஆட்பெயராய்வில் இருவேறு வினாக்கள் பலபோது ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. ஒரு பெயர் எச்சொல்லிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. அது ஏன் பலருக்கு வழங்கலாயிற்று என்பது மற்றொன்று. முன்னதற்குச் சொற்பிறப்பியல் விடை தரும். பின்னதற்குச் சமூக வரலாறே விடை தரும். இவ்வேறுபாட்டைப் பேணாத ஆய்வு பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும் என்பதற்கு ஆங்கிலப் பெயர்களின் வரலாறு தக்க சான்றாகும்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் காட்வின், லியோஃப்ரிக் முதலான பழைய ஆங்கிலப் பெயர்கள் பெரிதும் வழக்கொழிந்தன. வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு ஆகியன அவற்றின் இடத்தைப் பெற்றன. 'வில்லியம்' என்பது விருப்பம், தலைக்கவசம் எனப் பொருள்படும் இரு செருமானியச் சொற்களின் கூட்டு. வழக்கொழிந்த பெயர்களும் அவ்வகைக் கூட்டுகளே. எனவே வெற்றி தோல்விகளுக்குப் பெயரின் பொருள் காரணமன்று. வென்றோர் பெயர் என்னும் மதிப்பே காரணம். எட்வர்டு என்னும் பழம்பெயர் பிழைத்ததும் இக்கருத்தை அரண்செய்கிறது. மூன்றாம் ஹென்றி, புனிதராகப் போற்றப்பட்ட எட்வர்டு மன்னர்மீது கொண்ட பற்றினால், 1239இல் பிறந்த தம் மகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். அரச குடும்பம் ஏற்றதால் அப்பெயர் நிலைபெற்றது.

ஜான் என்னும் பெயருக்கு எபிரேய மூலத்தில் 'இறைவன் அருளினான்' என்பது பொருள். இங்கிலாந்தில் அது பரவியது இப்பொருளால் அன்று. திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் ஆகியோர்மீது மக்கள் கொண்ட பத்தியாலேயாம். தமிழ்க் கத்தோலிக்க மரபோ அப்பொருளையே பெயர்த்து 'அருளப்பர்' என்றது.

இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் உருப்பெற்றன. ஊர், உறவு, தொழில், பண்பு என அவை நால்வகைப்படும். தொல்காப்பியப் பெயரியல் கூறும் நிலப்பெயர், முறைநிலைப்பெயர், வினைப்பெயர், பண்புகொள்பெயர் ஆகியவற்றோடு இவ்வகைகள் ஒப்புநோக்கத்தக்கவை.

இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் 'ஸ்மித்'. கொல்லன் என்பது இதன் பொருள். இதனால் அந்நாட்டில் கொல்லரே மிகுதி எனக் கொள்ளலாகாது; இடைக்கால மக்களுள் பெரும்பாலோர் உழுதொழிலினர். ஊரார் பலரும் உழும்போது 'உழவன்' என்பது எவரையும் பிரித்துக் காட்டாது. ஊருக்கு ஓரிருவராக இருந்த கொல்லரையே தொழிற்பெயர் தனித்துச் சுட்டியது. இவ்வாறு ஊர்தோறும் தனித்தனியே தோன்றியதால் அப்பெயர் பெருகிற்று. அஃதாவது, தொழிற்பெயர் குறிப்பது பெரும்பான்மையை அன்று, வேறுபாட்டை.

வேல்சில் நிலைமை வேறு. அங்கு ஒருவர் தந்தையின் பெயரால் அறியப்பட்டார். 'மகன்' எனப் பொருள்படும் 'ஆப்' என்னும் சொல் பெயருடன் இணைந்ததால் 'ஆப் ரீஸ்' என்பது 'பிரைஸ்' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில ஆட்சிமுறையின்கீழ் தந்தைபெயர்கள் படிப்படியாக நிலைத்த குடும்பப்பெயர்களாயின. அக்காலத்தில் வழங்கிய இயற்பெயர்கள் மிகச் சிலவாதலின் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் போன்ற சில பெயர்களே பல்லாயிரம் குடும்பங்களுக்கு உரியவாயின.

சொற்பிறப்பு ஆய்வு தேவையற்றது என்பது இதன் கருத்தன்று. அது தொடக்கமேயன்றி முடிவன்று. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு, தமிழிலும் பெயர்களை எண்ணிக் கணக்கிட வழிசெய்துள்ளது. அக்கணக்கைத் தொழிலின் அல்லது சமயத்தின் விகிதமாகக் கொள்ளுமுன் ஒவ்வொரு பெயரும் எவரிடமிருந்து ஒருவரை வேறுபடுத்தியது, எவரால், எதன்பொருட்டுப் பதியப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடை காணாத பெயர்க்கணக்கு சமூக வரலாற்றுக்குச் சான்றாகாது.